கெய்ன்லி என்றால் பாந்தம்

அருங்காட்சியகத்தின் பின்கட்டில், பெட்டி கட்டும் அறையில் வேலை பார்த்தவளை எல்லோரும் ஒட்டகம் என்றுதான் கூப்பிட்டார்கள். கூப்பிட்டவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆறடிக்கு ஒரு விரற்கடைதான் குறைவு அவள். நீளமான கழுத்து. உயரத்தை மறைக்கப் பள்ளிக்கூட நாளிலிருந்தே கூனிக் கூனி, தோள் இரண்டும் முன்பக்கமாக வளைந்துவிட்டன. நடந்தால், ஒவ்வொரு அடியையும் யாரிடமோ அனுமதி கேட்டு வைப்பது போலிருக்கும். "என்ன ஒட்டகம், தண்ணி குடிச்சாச்சா?" என்று தச்சர் தினமும் காலையில் கேட்பார். பதினாலு வருஷமாக அதே பகடி. அவர் மனம் நோகக்கூடாதென்று அவளும் தினமும் சிரித்து வைப்பாள்.

பிறந்த வீட்டில் இதைவிட மோசம். அக்கா சின்ன உருவம், செதுக்கி வைத்தது மாதிரி இருப்பாள். விருந்தாளி வந்தால் தட்டை அக்காதான் எடுத்துப்போவாள். "நீ அங்கேயே நில்லுடி, கண்ணாடி டம்ளரைத் தொட்டுடாதே" என்பது அம்மா இவளுக்குச் சொல்வது. வீட்டில் எது உடைந்தாலும் பழி இவள் தலையில்தான் விழும். இவள் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரத்தில் உடைந்த மருந்து சீசாவுக்குக்கூட இவளுக்குத்தான் திட்டு கிடைத்தது. சொல்லிச் சொல்லியே அவளும் நம்பிவிட்டாள்.

அருங்காட்சியகத்தில் முதலில் கூட்டிப் பெருக்கத்தான் சேர்ந்தாள். ஒருநாள் இரண்டு ஆட்கள் இடுப்புயரத்துக்கு ஒரு மண்தாழியைப் படியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கீழே பிடித்தவருக்குத் தும்மல் வந்துவிட்டது. தாழி சாய்ந்தது. மூன்று படி கீழே நின்றவள் துடைப்பத்தைப் போட்டுவிட்டு, குழந்தையை வாங்குவதுபோல் இரண்டு கையாலும் அணைத்து வாங்கிக்கொண்டாள். அன்றைக்கு யாரும் அவளைப் பாராட்டவில்லை. மறுநாள், "கொஞ்சம் வந்து பிடிம்மா" என்றார்கள். அதற்கு மறுநாளும் கூப்பிட்டார்கள். துடைப்பம் வேறொருவர் கைக்குப் போயிற்று.

அவள் வேலை செய்யும் விதம் இப்படி. ஒரு பொருளை நகர்த்த வேண்டுமென்றால், முந்தின நாளே வெறுங்கையோடு அந்த வழியை நடந்து பார்த்துவிடுவாள். எங்கே நிலைப்படி, எங்கே தரை பெயர்ந்திருக்கிறது, எந்தக் கதவு தானாக மூடிக்கொள்ளும் என்றெல்லாம் காலாலேயே தெரிந்துகொள்வாள். கையில் வளையல், மோதிரம் கிடையாது. எந்தச் சாமானையும் காதைப் பிடித்துத் தூக்கமாட்டாள். "பிடிக்கத்தானே வச்சாங்கன்னு பிடிச்சா, முதல்ல ஒடியறது அதுதான்" என்பாள். ஒரு கை சாமானின் அடியில் இருக்கும், ஒரு கை அதன் தோளில். "எடுக்கறேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு எடுப்பாள். மேசையில் வைக்கும்போது விரல்களை ஒவ்வொன்றாக உருவுவாள். "வச்சுட்டேன்" என்று அவள் சொல்லும்வரை அந்த அறையில் யாரும் மூச்சுவிட மாட்டார்கள். பதினாலு வருஷத்தில் அவள் கையில் ஒரு சில்லுகூடப் பெயர்ந்ததில்லை. அதைத் திறமை என்று அவள் நினைத்ததே இல்லை. பயம்தான், வேறென்ன என்று நினைத்திருந்தாள்.

அந்த வருஷம் வெளிநாட்டிலிருந்து ஒரு கண்காட்சி வந்தது. ஆயிரத்தைந்நூறு வருஷத்துக் கண்ணாடிச் சாமான்கள், மொத்தம் நாற்பத்திரண்டு. ஒவ்வொன்றுக்கும் தனிப்பெட்டி, பெட்டிக்குள் அதனதன் வடிவத்துக்கு வெட்டின பஞ்சு மெத்தை. கூடவே காவலுக்கு ஓர் அம்மாள் வந்திருந்தார். ஒல்லியாக, நரைத்த தலையோடு, கையில் எப்போதும் ஒரு சின்ன டார்ச்சோடு. பெட்டி நம்பரை மூன்று முறை சரிபார்ப்பார். ஒவ்வொரு குப்பியையும் டார்ச் அடித்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, ஏற்கெனவே இருக்கும் கீறலைப் படத்தோடு ஒப்பிட்டு, தேதி போட்டு எழுதுவார். அரை நாளில் அவருக்கு டார்ச்சம்மா என்று பெயர் வந்துவிட்டது.

முதல் நாள் டார்ச்சம்மா ஒட்டகத்தை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வை அவளுக்குப் பழக்கம்தான். முதல் பெட்டியைத் திறந்தபோது டார்ச்சம்மா இரண்டு கையையும் அடியில் ஏந்திக்கொண்டே கூட நடந்தார், விழுந்தால் பிடிக்க. ஐந்தாவது பெட்டியில் கையை இறக்கிக்கொண்டார். இருபதாவது பெட்டிக்குக் கூட நடப்பதையே நிறுத்திவிட்டார். மூன்றாம் நாள் கடைசிப் பெட்டி. உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு வாசனைக் குப்பி, வெங்காயத் தோலைப் போல மெல்லிசு. டார்ச்சம்மா டார்ச்சை அணைத்துப் பையில் போட்டார். இரண்டடி பின்னால் போய்க் கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு நின்றார். "வச்சுட்டேன்" என்று சத்தம் வந்ததும் தலையை ஒருமுறை அசைத்தார். அவ்வளவுதான். மறுநாள் விமானம் ஏறிவிட்டார்.

பத்து நாள் கழித்து அவருடைய அறிக்கை வந்தது. நிர்வாக அலுவலர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தால் நல்ல சேதி இல்லை என்று அந்தக் கட்டடத்துக்கே தெரியும். துடைத்துக்கொண்டிருந்தார்.

"உக்காரும்மா. அந்தம்மா உங்களைப் பத்தி ஒரு வரி எழுதியிருக்காங்க. இவ்வளவு கெய்ன்லியான ஒருத்தரை என் வேலையில நான் பார்த்ததே இல்லைன்னு."

"நல்லதா சார்?"

"அதான் பிரச்சினை. கெய்ன்லின்னு ஒரு சொல்லே நான் கேள்விப்பட்டதில்லை. கம்ப்யூட்டரும் கீழே சிவப்புக் கோடு போடுது. தட்டிப் பார்த்தா 'அன்கெய்ன்லி'ங்குது. முன்னால ரெண்டு எழுத்து விட்டுப்போச்சு போல."

"அப்ப அதுக்கு என்ன சார் அர்த்தம்?"

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மறுபடியும் கழற்றினார். "அது வந்து... லாவகம் இல்லாம. தத்தக்கா பித்தக்கான்னு."

அம்மாவின் குரல் கடல் தாண்டிப் போய் இங்கிலீஷ் படித்துவிட்டு வந்திருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது.

"ஒண்ணும் உடையலைதான், நான் இல்லேன்னு சொல்லலை" என்றார் அவர். "ஆனா அடுத்த மாசம் எல்லாத்தையும் இறக்கிப் பெட்டியில கட்டணும். எழுத்துல இப்படி வந்த பிறகு உங்களையே விட்டா என் தலை உருளும். வெளியிலேருந்து ஆள் கூப்பிடறேன். நீங்க கொஞ்ச நாள் சாமான் கிடங்குல இருங்க."

அவள் கணவர் பஸ் ஓட்டுநர். அவள் தோளுக்குத்தான் வருவார். "என் பஸ்ஸுக்கு மேல்தளம் இல்லை, என் பெண்டாட்டிதான் மேல்தளம்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்வார். அன்றைக்குச் சாயங்காலம் அவள் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். தேநீர் ஆறிப்போன பிறகுதான் அவள் விஷயத்தைச் சொன்னாள்.

அவர் போனை எடுத்து எழுத்துக் கூட்டித் தட்டினார். போன், "நீங்கள் தேடியது அன்கெய்ன்லியா?" என்று கேட்டது.

"பார்த்தியா, இதுவும் உங்க ஆபீசர் கட்சிதான்" என்றார். "அது கிடக்கட்டும். அந்த டார்ச்சம்மா எப்படிப்பட்ட ஆளு?"

"ஐயோ, அதை ஏன் கேக்கறீங்க. நம்பரை மூணு தடவை பார்ப்பாங்க. தேதியில ஒரு புள்ளி விட்டுப்போனா முழுத்தாளையும் திரும்ப எழுதுவாங்க. ஒருநாள் நம்ம ஆபீசுலேருந்து குடுத்த காகிதத்துல ஒரே ஒரு எழுத்து தப்பா இருந்துச்சு, அதை..."

அவள் பேச்சு அப்படியே நின்றது.

"அதை?" என்றார் கணவர்.

"அதைச் சிவப்பு மையில வட்டம் போட்டுத் திருப்பிக் குடுத்துட்டாங்க." மெதுவாக எழுந்து நின்றாள். "அப்படிப்பட்டவங்க, ஒரு சொல்லுல ரெண்டு எழுத்தை விட்டுட்டு விமானம் ஏறுவாங்களா?"

"ஏறமாட்டாங்க" என்றார் அவர். "நீ நிமிர்ந்து நிக்கறே, பார்த்துக்கோ. விளக்குல இடிச்சுக்கப்போறே."

வார விடுமுறை நாளில் பொது நூலகத்துக்குப் போனாள். பத்தாவது வரை படித்தவள். பெட்டிகளின்மேல் ஒட்டியிருக்கும் இங்கிலீஷைப் படித்துப் படித்து எழுத்துக் கூட்டும் பழக்கம் விட்டுப்போகவில்லை. நூலகருக்குக் கடும் ஜலதோஷம். மூக்கை உறிஞ்சிக்கொண்டே அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"இருக்கறதிலேயே பெரிய இங்கிலீஷ் அகராதி வேணும் சார்."

"கீழ்த்தட்டுல பாகம் பாகமா இருக்கு. இருங்க, ஆளைக் கூப்பிடறேன். கனம் ஜாஸ்தி, கீழே போட்டுடுவீங்க."

அதற்குள் அவள் குனிந்து ஒரு கையை அடியில் கொடுத்து, ஒரு கையால் முதுகைத் தாங்கி, "எடுக்கறேன்" என்று பழக்க தோஷத்தில் சொல்லி, அந்தத் தடிப் புத்தகத்தைச் சத்தமே இல்லாமல் மேசையில் வைத்துவிட்டாள். நூலகர் உறிஞ்சுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

பக்கம் புரட்டி வரிசையைக் கண்டுபிடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாக இறங்கினாள். ஒருமுறை தாண்டியே போய்விட்டாள். திரும்ப மேலே வந்தாள். அங்கே இருந்தது. முன்னால் எந்த ஒட்டும் இல்லாமல், தன்பாட்டுக்கு, நாலைந்து வரி பொருளோடு.

"சார்!" என்ற சத்தத்தில் படித்துக்கொண்டிருந்த எல்லோரும் திரும்பினார்கள். நூலகர் ஓடிவந்து, கடுகு எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்துச் சொன்னார்.

"அரிதா வழங்கற சொல்லுன்னு போட்டிருக்கு. பழைய பொருள், பொருத்தமான, தோதான. அப்புறம், அழகா அசையற, நயமா நடக்கற. ஆளுக்கும் சொல்லலாம், நடைக்கும் சொல்லலாம். நடந்துக்கற விதத்துக்கும் சொல்லலாம், அடுத்தவங்க மனசு நோகாம நடந்துக்கறவங்களை. லாபத்துக்குச் சொல்ற 'கெய்ன்' இருக்கே, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லையாம். இது ஐரோப்பாவோட வடகோடிப் பழைய மொழி ஒண்ணுலேருந்து வந்தது. நேரான, கிட்டத்துலயே இருக்கறன்னு அர்த்தம். சுத்திப் போகாத நேர்வழியை அப்படிச் சொல்வாங்களாம்." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "வேடிக்கைதான். 'அன்' போட்டது ஊரெல்லாம் சுத்துது. போடாதது வீட்டைவிட்டு வெளியே வரவே இல்லை."

"நம்மகிட்டயும் அப்படி இருக்கே சார்" என்றாள் அவள். "அலுங்காம நலுங்காம தூக்குன்னு தினம் சொல்றோம். அலுங்கித் தூக்கு, நலுங்கித் தூக்குன்னு யாராவது சொல்றோமா?"

நூலகருக்கு ஜலதோஷமே மறந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். "அப்ப தமிழ்ல இதுக்கு என்ன சொல்லலாம்? நளினம்?"

"அது ஆடறவங்களுக்கு சார்."

"லாவகம்?"

"அது கையோட நின்னுபோகுது. இதுல பொருத்தமும் வரணும், நேரும் வரணும், அழகும் வரணும்." புத்தகத்தின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு யோசித்தாள். "பாந்தம். பாந்தமா இருக்கா, பாந்தமா வச்சா, பாந்தமா பேசினா. மூணுக்கும் வருது பாருங்க."

அவர் ஒரு துண்டுத்தாளில் அதை எழுதிக்கொண்டார். பிறகு தானே போய் அந்தப் பக்கத்தை நகல் எடுத்துக்கொண்டு வந்தார். அவள் புத்தகத்தை அதன் இடத்தில் வைத்தாள். "வச்சுட்டேன்" என்றாள்.

மறுநாள் இயக்குநரின் அறையில் வாராந்தரக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனாள். பதினாலு வருஷத்தில் அந்த அறைக்குள் அவள் பொருட்களோடுதான் போயிருக்கிறாள், பேசப் போனதில்லை. நகலை மேசையில் வைத்து, கோடு போட்ட இடத்தையும் ஓரத்தில் 'பாந்தம்' என்று எழுதியிருந்ததையும் காட்டினாள். இயக்குநர் படித்துவிட்டு நிர்வாக அலுவலரிடம் நகர்த்தினார். அவர் கண்ணாடி கழன்றது.

"அகராதியில இருக்கலாம். அந்தம்மா இந்தச் சொல்லைத்தான் நினைச்சு எழுதினாங்கன்னு என்ன நிச்சயம்?"

"அவங்களையே கேட்டுருங்க சார்" என்றாள். "நான் தத்தக்கா பித்தக்கான்னு அவங்க வாயால சொன்னாங்கன்னா நானே கிடங்குக்குப் போயிடறேன். கம்ப்யூட்டர் சொல்லி நான் போகமாட்டேன்."

குரல் ஏறவில்லை. இயக்குநர் அங்கேயே உட்கார்ந்து மின்னஞ்சல் எழுதி அனுப்பினார்.

மறுநாள் காலையில் பதில் வந்தது. இயக்குநர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு, நிர்வாக அலுவலரையும் கூட்டிக்கொண்டு, நேராகப் பெட்டி கட்டும் அறைக்கே வந்துவிட்டார். எல்லோரையும் கூப்பிட்டு, கெய்ன்லி என்றால் பாந்தம் என்று முதலில் சொல்லிவிட்டு, தமிழில் சொல்லிக்கொண்டே வாசித்தார்.

"'நான் எதை எழுதினேனோ அதையே நினைத்தேன். இருபத்தாறு வருஷமாகக் கண்ணாடிச் சாமான்களோடு ஊர் ஊராகப் போகிறேன். அந்தச் சொல்லை இதுவரை இரண்டே பேருக்கு எழுதியிருக்கிறேன். தேவைப்படாததால்தான் அது அரிதாகிவிட்டது போலிருக்கிறது. சாமான்களை இறக்குவது அந்தப் பெண்மணி இல்லையென்றால் எனக்கு உடனே சொல்லுங்கள். நான் அங்கே வரும்வரை யாரும் காட்சிப் பெட்டகத்தைத் திறக்க வேண்டாம்.'"

தச்சர்தான் முதலில் கை தட்டினார். உளி பிடித்துக் காய்ந்த கை, பலகை மோதுவது மாதிரி சத்தம் கேட்டது. பிறகு அறையே தட்டியது. அவளுக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. எதையாவது தூக்கிக்கொண்டிருந்தால் தேவலை என்றிருந்தது.

நிர்வாக அலுவலர் கிட்டே வந்தார். "நான் சிவப்புக் கோட்டை நம்பிட்டேன்மா. பதினாலு வருஷமா பார்த்த என் கண்ணை நம்பலை. மன்னிச்சுக்கோங்க."

"இருக்கட்டும் சார். நானும்தான் ஒரு சாயங்காலம் நம்பினேன்" என்றாள்.

இறக்கும் நாளில் டார்ச்சம்மா வந்திறங்கினார். மூன்றாவது பெட்டகத்தில் ஆள் கழுத்து உயரத்தில் ஒரு கண்ணாடித் தட்டு. அதில் எட்டுக் குப்பிகள். அவள் முதல் குப்பியை இடது உள்ளங்கையில் ஏந்தி எடுத்த நொடியில், டிக் என்று ஒரு சத்தம். தட்டைத் தாங்கிய நாலு முளைகளில் ஒன்று பிடி விட்டுக் கழன்று விழுந்தது. தட்டின் மூலை இறங்கியது. ஏழு குப்பிகளும் ஒரே பக்கமாக ஒரு மயிரிழை நகர்ந்தன.

வலது முழங்கை தானாகவே போய்த் தட்டின் அடியில் நின்றுகொண்டது. தோள் அதற்கு முட்டுக் கொடுத்தது. இத்தனை வருஷம் கூனியே கிடந்த முதுகு விறைத்து எழுந்து, தட்டு பழைய மட்டத்துக்கு வந்தது. இடது கைக் குப்பி அப்படியே இருந்தது.

"யாரும் ஓடி வராதீங்க" என்றாள், தொட்டில் பக்கத்தில் பேசுகிற குரலில். "தரை அதிரும். ரெண்டு பேர் மட்டும் வாங்க. அந்த ஓரத்துல ஒண்ணு எடுத்தா, இந்த ஓரத்துலயும் ஒண்ணு. மாத்தி மாத்தி எடுங்க."

டார்ச்சம்மாவுக்குத் தமிழ் தெரியாது. அவள் கண் போன திசையைப் பார்த்தே புரிந்துகொண்டார். தச்சர் ஒரு பக்கம் நின்றார், டார்ச்சம்மா மறுபக்கம். ஒன்று, இரண்டு, மூன்று. அவள் கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது, தட்டு அசையவில்லை. நிர்வாக அலுவலர் வாசலில் நின்று, துடைக்கக்கூட மறந்து மூக்குக்கண்ணாடியை வெறுமனே கையில் பிடித்திருந்தார். ஏழாவதும் இறங்கியது. இரண்டு ஆட்கள் வெறும் தட்டைப் பிடித்து வெளியே உருவினார்கள். அதற்குப் பிறகுதான் அவள் இடது கைக் குப்பியை மேசைக்குக் கொண்டுபோய், விரல்களை ஒவ்வொன்றாக உருவினாள்.

"வச்சுட்டேன்."

ஒரு சாண் குட்டையாக இருந்திருந்தால் தோள் தட்டுக்கு எட்டியிருக்காது. அங்கிருந்த ஆண்களில் ஒருவருக்கும் எட்டியிருக்காது. அது அவளுக்கே அப்போதுதான் உறைத்தது.

டார்ச்சம்மா அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அந்த ஒரு சொல்லைச் சத்தமாகச் சொன்னார். யாரும் மொழிபெயர்க்கவில்லை. "ஆமா, பாந்தம்தான்!" என்று தச்சர் அங்கிருந்தே கத்தினார்.

கண்காட்சி அடுத்த நகரத்துக்குப் புறப்பட்டபோது, அவளையும் கூட அனுப்பச் சொல்லி டார்ச்சம்மா எழுதிக் கேட்டு வாங்கிவிட்டார். கணவர் லாரி வரைக்கும் வந்து வழியனுப்பினார். லாரி ஓட்டுநரைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, நானும் டிரைவர்தான், பள்ளம் பார்த்துப் போங்க" என்றார். "உள்ளே இருக்கற கண்ணாடிக்காகச் சொல்லலை."

இரண்டு நாள் பயணம். அந்த ஊர் அருங்காட்சியகத்தில் நாலு ஆட்கள் பெட்டியைத் திறக்கத் தயாராக நின்றார்கள். அவள் முதலில் வெறுங்கையோடு வழியை நடந்து பார்த்தாள். ஒரு நிலைப்படியில் சறுக்குப் பலகை போடச் சொன்னாள். பிறகு வளையலைக் கழற்றி வைத்துவிட்டு வரும்படி ஒருத்தியை அனுப்பினாள். மூன்றாம் நாள் சாயங்காலத்துக்குள் நாற்பத்தோரு பெட்டிகள் முடிந்தன. கடைசிப் பெட்டியின் மூடியைத் தூக்கியதும், மெத்தைக்குள் அந்த வெங்காயத் தோல் குப்பி முழுசாகக் கிடந்தது. நாலு பேரும் தங்களை மறந்து கைதட்டினார்கள்.

"உஸ்" என்றாள் அவள், கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டே. "கைதட்டலை அப்புறம் வச்சுக்கலாம். முதல்ல இதை மேசையில வைக்கணும்."